கிரெடிட் மேனேஜர் படிப்பு: அமெரிக்காவினுடையதா, பிரிட்டனுடையதா?

சென்னையில் ஆர்டர் டு கேஷ் டீமில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளின் பாக்கியைத் துரத்துகிறவர்கள் ஏராளம். இரண்டு மூன்று வருடம் கலெக்‌ஷன் பார்த்த பிறகு, ஒரு சான்றிதழ் கையில் இருந்தால் கிரெடிட் அனலிஸ்ட், மேனேஜர் என்று மேலே போகலாமே என்று தோன்றும். தேடினால் முதலில் கண்ணில் படுபவை இரண்டு: அமெரிக்காவின் என்ஏசிஎம் (நேஷனல் அசோசியேஷன் ஆஃப் கிரெடிட் மேனேஜ்மென்ட்), பிரிட்டனின் சிஐசிஎம் (சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கிரெடிட் மேனேஜ்மென்ட்) என்ற தொழில் சங்கங்கள் தருகிற படிப்புகள். வங்கிக் கடன் வேறு, இது வேறு. சரக்கைக் கடனுக்கு அனுப்பிவிட்டு, பணத்தை வரவழைக்கிற தொழிலுக்கான படிப்பு இது.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் லெட்ஜரில் இருக்கிற வாடிக்கையாளர்கள் திவாலானால் எந்த நாட்டுக் கோர்ட்டுக்குப் போவார்கள் என்று பாருங்கள். அந்த நாட்டுப் படிப்புதான் உங்களுக்கு. எந்தப் பட்டத்துக்கு மவுசு அதிகம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

என்ஏசிஎம் 1896இல் தொடங்கிய சங்கம். முதல் படி சிபிஏ (கிரெடிட் பிசினஸ் அசோசியேட்): அடிப்படைக் கணக்கியல், நிதி அறிக்கை அலசல், வணிகக் கடன் கோட்பாடுகள் என்று மூன்று பாடம். பி.காம். படித்தவருக்கு முதல் பாடம் கொட்டாவி வரவழைக்கும். அடுத்த படியான சிபிஎஃப்பில் (கிரெடிட் பிசினஸ் ஃபெல்லோ) சட்டம் சேர்கிறது. அதோடு அனுபவம், சங்க நடவடிக்கைகளில் பங்கெடுப்பு என்று புள்ளிகளும் சேர்க்க வேண்டும். உச்சியில் சிசிஇ (சர்ட்டிஃபைட் கிரெடிட் எக்ஸிக்யூட்டிவ்) தேர்வு. எண்களோடு மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு சிசிஆர்ஏ (சர்ட்டிஃபைட் கிரெடிட் அண்ட் ரிஸ்க் அனலிஸ்ட்) என்று ஒரு தனிக் கிளையும் உண்டு.

சிஐசிஎம் 1939இல் பிறந்தது, 2015இலிருந்து பெயரில் ‘சார்ட்டர்ட்’. இங்கே புள்ளிக் கணக்கு இல்லை. அரசின் கல்வி ஒழுங்குமுறைக்குள் வருகிற லெவல் 2, 3, 5 என்ற ஏணி. மூன்றாவது லெவல் நம் பிளஸ் டூ தரம், ஐந்தாவது பட்டப்படிப்புக்குக் கொஞ்சம் கீழே. பரீட்சை எழுதிப் பழகிய நம் ஆட்களுக்கு இந்த வழி சுலபமாகப் பிடிபடும். சங்கக் கூட்டங்கள் நடக்கும் ஊரில் இல்லாதவருக்கு அமெரிக்கப் புள்ளி முறை கொஞ்சம் இடைஞ்சல்தான்.

சரி, நாட்டைப் பார்த்துப் படிக்கச் சொல்வது ஏன்? கணக்கியலை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். சட்டப் பாடம்தான் விஷயம். ‘முழுப் பணமும் வரும்வரை பொருள் எங்களுடையதே’ என்று விற்பனை நிபந்தனையில் ஒரு வரி போடுவது வழக்கம். இங்கிலாந்தில் 1976இன் ரோமால்ப்பா வழக்குக்குப் பிறகு அந்த வரிக்கு நல்ல பலம். ஒழுங்காக எழுதி, ஒப்பந்தத்தின் பகுதியாக்கியிருந்தால், வாடிக்கையாளர் மூழ்கினாலும் விற்காமல் கிடக்கிற, ‘இது நம்முடையது’ என்று அடையாளம் காட்ட முடிகிற பொருளைக் கேட்கலாம். எங்கேயும் பதிய வேண்டியதில்லை.

அதே வரியை ஒஹையோவில் இருக்கிற வாடிக்கையாளருக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க வணிகச் சட்டம் அதை வெறும் ஈட்டு உரிமையாகத்தான் (கடனுக்கு ஈடாகப் பொருளின் மேல் இருக்கிற உரிமை) எடுத்துக்கொள்ளும். அது மற்றவர்கள் முன் செல்லுபடியாக, வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தமும், அவர் கம்பெனி பதிவான மாநிலத்தில் தாக்கல் செய்த யூசிசி-1 என்ற உரிமைப் பதிவுப் படிவமும் வேண்டும். படிவத்தின் ஆயுள் ஐந்து வருடம். ஸ்டாக்கின் மேல் ஏற்கெனவே உரிமை பதிந்திருக்கிற வங்கியை முந்த வேண்டுமானால், சரக்கு போய்ச் சேரும் முன்பே தாக்கலும் முடிந்திருக்க வேண்டும், வங்கிக்கு நோட்டீஸும் போயிருக்க வேண்டும். லண்டன் டெம்ப்ளேட்டை அப்படியே காப்பி அடித்தவர் வரிசையில் கடைசியில் நிற்பார்.

இன்னொன்று, அமெரிக்க லெட்ஜர் பார்க்கிறவரின் வயிற்றைக் கலக்குவது: திவால் மனுவுக்கு முந்தைய 90 நாளில் வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்க வழி செய்கிற 90 நாள் விதி. வாடிக்கையாளர் மார்ச் 1 அன்று திவால் மனு போடுகிறார். ஜனவரி 10இல் உங்கள் பழைய இன்வாய்ஸுக்கு 30,000 டாலர் கொடுத்திருக்கிறார். பாடுபட்டு வசூலித்த அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டு நோட்டீஸ் வரலாம். வழக்கமான வியாபார முறையில்தான் வந்தது என்றோ, அதற்குப் பிறகும் கடனுக்குச் சரக்கு கொடுத்தோம் என்றோ காட்டித் தப்பிக்கலாம். மறுபுறம், மனுவுக்கு முந்தைய 20 நாளுக்குள் அவர் கைக்குப் போன சரக்கின் விலைக்கு முன்னுரிமை உண்டு. அதனால்தான் டெலிவரி ரசீதைத் தேதியோடு பத்திரப்படுத்தச் சொல்கிறார்கள்.

பிரிட்டிஷ் பக்கம் தினசரி ஆயுதம் வட்டி. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், வணிகப் பாக்கிக்கு பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டிக்கு மேல் 8 சதவீதம். அந்த வட்டி 5 சதவீதம் என்று வையுங்கள்: 10,000 பவுண்டு 30 நாள் தாமதமானால் வட்டி சுமார் 107 பவுண்டு, அதோடு இழப்பீடாக 100 பவுண்டு. பெரிய வாடிக்கையாளரிடம் இதைக் கேட்க சேல்ஸ் டீம் விடாது, அது வேறு கதை. ஆனால் மெயிலில் கணக்குப் போட்டுக் காட்டினாலே சில பேர் வழிக்கு வருவார்கள்.

கனடா லெட்ஜர் என்றால் 1928இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான கிரெடிட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கனடா தருகிற சிசிபி (சர்ட்டிஃபைட் கிரெடிட் புரொஃபஷனல்) சான்றிதழ். பல நாட்டு ஏற்றுமதியைப் பார்க்கிறவருக்கு என்ஏசிஎம் குடும்பத்திலேயே இருக்கிற எஃப்சிஐபி என்ற சர்வதேசக் கிரெடிட் சங்கத்தின் சிஐசிபி (சர்ட்டிஃபைட் இன்டர்நேஷனல் கிரெடிட் புரொஃபஷனல்) பொருந்தும். இரண்டு நாட்டு லெட்ஜரும் உங்களிடம் இருந்தால் நான் சொல்வது அமெரிக்கப் படிப்பைத்தான். அங்கேதான் தேதி தவறினால் அடி பலம்.

சேரும் முன் மேனேஜரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள். பரீட்சைக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. சிசிஇயை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், சிஐசிஎம் எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட வருடாந்தர உறுப்பினர் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கம்பெனி ஏற்குமா என்பதை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.