ஸ்டெப்வைஸா, ஏஐசியா, லாஸோவா, அம்புக்குறி படமா? மல்லி விலைய வச்சு ஒரு அலசல்

மல்டிபிள் ரெக்ரஷன், அதாவது ஒரு விஷயத்த பல காரணங்கள (வேரியபிள்) வச்சு கணக்கா சொல்ற முறை, கத்துக்கிறவங்களுக்கு ஈக்வேஷன் சீக்கிரமே புரிஞ்சுரும், சாஃப்ட்வேர்ல ரன் பண்றதும் வந்துரும், ஆனா எந்த வேரியபிள உள்ள வைக்கணும் எத வெளிய விடணும்ங்கிற எடத்துல வந்து அப்படியே நின்னுருவாங்க. மதுரைப் பக்கம் எம்எஸ்சி, எம்பிஏ ப்ராஜெக்ட் பண்ற புள்ளைங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்வி இதுதான். அதனால நடைமுறையில இருக்குற நாலு வழிய எடுத்து ஒரே டேட்டாவுல வச்சு பாத்துருவோம். டேட்டாவும் நமக்கு தெரிஞ்சதாவே இருக்கட்டும், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி கிலோ என்ன வெலைக்கு போகுதுங்கிறதுதான்.

ரெண்டு மூணு வருஷத்து தினசரி வெலை கையில இருக்குன்னு வைங்க. கூட சேக்கலாம்னு தோணுற வேரியபிள்: அன்னைக்கு வரத்து எவ்வளவு, முகூர்த்த நாளா இல்லையா, ராத்திரி குறைஞ்சபட்ச வெப்பநிலை (பனிக்கு அடையாளமா இததான் எடுத்துக்குறோம்), பகல் அதிகபட்ச வெப்பநிலை, மழை, நிலக்கோட்டை மார்க்கெட் வெலை, முந்தின நாள் வெலை, டீசல் வெலை, என்ன மாசம், என்ன கிழமை. மொத்தம் பத்து. வெலைய அப்படியே போடாம லாக் (மடக்கை) எடுத்து போடுங்க, ஏன்னா பொங்கலுக்கு முன்னாடி கிலோ ஆயிரத்த தாண்டி போற அதே பூ கோடையில வரத்து குவியிறப்ப அடிமட்டத்துக்கு வந்துரும், அந்த ஏத்த எறக்கத்துக்கு லாக் தான் சரிப்படும்.

எந்த வழின்னு கேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணியாகணும். நாளைக்கு மல்லி என்ன வெலைக்கு போகும்னு சொல்லணுமா, இல்ல பனி விழுந்தா வெலை எவ்வளவு ஏறுதுன்னு சொல்லணுமா? இது ரெண்டும் வேற வேற கேள்வி, ஒரே டேட்டா, ஒரே சாஃப்ட்வேர், ஆனா வேரியபிள் லிஸ்ட் ஒண்ணா இருக்காது. இத முடிவு பண்ணாம மெத்தட தேடுறதுலதான் பாதி ப்ராஜெக்ட் கெட்டுப் போகுது.

மொதல்ல ஸ்டெப்வைஸ். வேரியபிள ஒவ்வொண்ணா சேத்து, ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குறது, 1960ல எஃப்ராய்ம்சன் கொண்டுவந்த வழி, கம்ப்யூட்டர் நேரம் காஸ்ட்லியா இருந்த காலத்துக்கு அது பெரிய விஷயம். எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேர்ல இன்னும் ஒரு க்ளிக் தான், பி-வேல்யூ (நெசமா சம்பந்தமே இல்லன்னாலும் இப்படி ஒரு முடிவு தற்செயலா வர்ற வாய்ப்பு) 0.05க்கு கீழ இருந்தா உள்ள விடும், 0.10க்கு மேல போனா வெளிய தள்ளும், அதுதான் டீஃபால்ட். ஈஸியா இருக்குன்னு எல்லாரும் இங்கதான் வந்து சேர்றாங்க. பிரச்சன என்னன்னா ஒவ்வொரு படியிலயும் அது இருக்குறதுலயே பெருசா தெரியிறத பொறுக்கி எடுக்குது, பொறுக்கி எடுத்ததுக்கு அப்புறம் வர்ற பி-வேல்யூ பொறுக்காத மாதிரியே கணக்கு பண்ணி காட்டுது. அதனால கோஎஃபிஷியன்ட், அதாவது ஒரு வேரியபிள் வெலைய எவ்வளவு மாத்துதுங்கிற நம்பர், நெசத்த விட பெருசா இருக்கும், அந்த நம்பர் எதுல இருந்து எது வரைக்கும் இருக்கலாம்னு சொல்ற கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் நெசத்த விட ஒடுக்கமா இருக்கும். 1983ல டேவிட் ஃப்ரீட்மன் இத பளிச்சுன்னு காட்டுனாரு, 100 ரோ, 50 வேரியபிள், எல்லாமே சும்மா ராண்டமா உருவாக்குன நம்பர், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது, அதுல மொத ரவுண்டுல ஓரளவு தேறுனத மட்டும் வச்சு ரெண்டாவது தடவ ரன் பண்ணா மாடல் நல்ல சிக்னிஃபிகன்ட்டா, அதாவது தற்செயல் இல்லங்கிற மாதிரி, வந்து நிக்குது. அங்க கண்டுபிடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஆனாலும் கண்டுபிடிச்சிருச்சு.

நம்ம டேட்டாவுல இன்னொரு கூத்து நடக்கும் பாருங்க. மாசத்த டம்மியா, அதாவது அந்த மாசம்னா 1 இல்லன்னா 0ன்னு மாத்துனா பன்னெண்டு மாசத்துக்கு பதினோரு வேரியபிள் வரும். ஸ்டெப்வைஸ் அதுல ஜனவரியையும் மே மாசத்தையும் மட்டும் எடுத்துட்டு மத்தத விட்டுரும். அப்ப மிச்சம் பத்து மாசமும் ஒரே மாதிரின்னு அர்த்தம் ஆயிரும், ஆவணி முகூர்த்தமும் ஆடி மாசமும் ஒண்ணுன்னு சொல்ற மாடல நம்ம ஊர்ல யார்கிட்ட காட்டுறது? டம்மிங்க சேந்து உள்ள வரணும், இல்ல சேந்து வெளிய போகணும். நான் ஸ்டெப்வைஸ பரிந்துரைக்க மாட்டேன், ரெண்டு கேள்விக்குமே வேண்டாம்.

அடுத்து ஏஐசி, பிஐசி. ஏஐசி ஜப்பான்காரர் அகாய்கே 1970கள்ல குடுத்தது, பிஐசி 1978ல ஷ்வார்ட்ஸ் குடுத்தது. ரெண்டுமே மாடல் எவ்வளவு நல்லா பொருந்துதுன்னு பாத்துட்டு, வேரியபிள் கூட கூட அபராதம் போடும். ஏஐசில ஒரு வேரியபிளுக்கு 2, பிஐசில டேட்டா எண்ணிக்கையோட இயற்கை லாக், ஆயிரம் நாள் டேட்டான்னா கிட்டத்தட்ட 6.9. அதனால பிஐசி எப்பவும் சின்ன மாடலா பாக்கும். பத்து வேரியபிள்னா 1024 மாடல், எல்லாத்தையும் ஓட்டி பாத்துரலாம், இருபதுன்னா பத்து லட்சத்த தாண்டிரும், அதுவும் இன்னைக்கு மிஷினுக்கு முடியாததில்ல.

ஸ்டெப்வைஸ விட இது ஒசத்திதான், ஏன்னா மொத்த மாடலையும் மொத்த மாடலோட ஒப்பிடுது. ஆனா ஆர்ங்கிற சாஃப்ட்வேர்ல ஸ்டெப் கமாண்ட் போட்டா வர்றது ஏஐசின்னு பேரு இருந்தாலும் ஒவ்வொண்ணா சேத்து ஒவ்வொண்ணா எடுக்குற அதே பழைய நட தான், அளவுகோல் மட்டும்தான் வேற. ஒரு வேரியபிள் விஷயத்துல ஏஐசிங்கிறது பி-வேல்யூ 0.157 கிட்ட கோடு போடுற மாதிரி, அவ்வளவுதான். பொறுக்குனதுக்கு அப்புறம் பி-வேல்யூவ நம்புனா இங்கயும் அதே கதிதான்.

அப்புறம் ஒரு விஷயம் கவனமா இருக்கணும். மழை டேட்டாவுல சில நாள் காலியா இருந்தா மழை சேத்த மாடல்ல அந்த நாளெல்லாம் தானா கழண்டுரும், மழை இல்லாத மாடல்ல எல்லா நாளும் இருக்கும், ரெண்டோட ஏஐசியும் ஒப்பிடவே கூடாது, ரோ எண்ணிக்கையே வேற. அதே மாதிரி வெலைக்கு போட்ட மாடல் ஏஐசியையும் லாக் வெலைக்கு போட்ட மாடல் ஏஐசியையும் அப்படியே பக்கத்துல வச்சு பாக்கக்கூடாது. சாஃப்ட்வேர் பல நேரம் இத தடுக்காது, நம்பர் வந்துரும்.

லாஸோ 1996ல டிப்ஷிரானி. இது வேற மாதிரி யோசிக்குது, எல்லா வேரியபிளையும் உள்ள விட்டு, கோஎஃபிஷியன்ட் எல்லாத்தையும் ஜீரோ பக்கம் அமுக்குது, வலுவில்லாதது ஜீரோவாவே ஆயிரும். அதுக்கு முன்னாடி 1970ல வந்த ரிட்ஜ் அமுக்க மட்டும் செய்யும், எதையும் வெளிய தள்ளாது. நாளைய வெலைய சொல்லணும்ங்கிற கேள்விக்கு என் ஓட்டு லாஸோவுக்குத்தான், இல்லன்னா ரெண்டையும் கலந்த எலாஸ்டிக் நெட்டுக்கு. முந்தின நாள் வெலை, நிலக்கோட்டையில நேத்து போன வெலை, நாளைக்கு முகூர்த்தமா, எல்லாத்தையும் தாராளமா போடலாம். ஒரே ஒரு நிபந்தன, நாளைக்கு சொல்றதுக்கு இன்னைக்கு கையில இருக்குற தகவலா இருக்கணும். நாளைக்கு வர்ற வரத்த வச்சு நாளைய வெலைய சொல்றது நடக்காத காரியம்.

லாஸோவுலயும் சறுக்குற எடம் உண்டு. வெப்பநிலை டிகிரியில இருக்கு, வரத்து கிலோவுல இருக்கு, ஒரே அளவுக்கு கொண்டு வரலைன்னா அமுக்குறது ஒருதலைப்பட்சமா போயிரும். ஆர்ல ஜிஎல்எம்நெட் தானா அத செஞ்சுரும், பைத்தான்ல சைகிட்-லேர்ன் செய்யாது, நாமதான் ஸ்டாண்டர்டைஸ் பண்ணணும். குறைஞ்சபட்சம், அதிகபட்சம்னு ரெண்டு வெப்பநிலையும் ஒட்டிப் போறதால ஏதோ ஒண்ண வச்சுட்டு இன்னொண்ண தூக்கிரும், அடுத்த மாசம் டேட்டா சேத்து ஓட்டுனா மாத்தி வைக்கும், அதுக்கு பொருள் தேடாதீங்க. எல்லாத்தையும் விட முக்கியம் க்ராஸ் வாலிடேஷன், அதாவது டேட்டாவுல ஒரு பங்க மறைச்சு வச்சு மாடல சோதிக்கிறது. ஜிஎல்எம்நெட் டீஃபால்டா நாட்கள கலைச்சு பத்து பங்கா பிரிக்கும், நேத்து வெலையும் நாளைய வெலையும் ட்ரெய்னிங்ல இருக்க நடுவுல இன்னைக்கு வெலைய கண்டுபிடிக்க சொன்னா யாரும் கண்டுபிடிச்சுருவாங்க. பழைய நாள்ல கத்துக்கிட்டு பின்னாடி வர்ற நாள்ல சோதிக்கிற மாதிரிதான் பிரிக்கணும்.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வருவோம், பனி வெலைய எவ்வளவு ஏத்துது? இதுக்கு மேல சொன்ன மூணுமே சரிப்பட்டு வராது. இங்கதான் அம்புக்குறி படம். பேப்பர் எடுத்து எது எத உண்டாக்குதுன்னு அம்பு போட்டு வரையிறது, அத வச்சு வேரியபிள முடிவு பண்றது. இத வரைய ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புக்க விட மார்க்கெட்ல கேக்குறது பிரயோஜனம். விடியக்காலம் மாட்டுத்தாவணியில நின்னு கேட்டா எந்த வியாபாரியும் சொல்லுவாரு, "பனி எறங்குனா மொக்கு புடிக்காதுண்ணே, வரத்து கொறஞ்சுரும், வெல தன்னால ஏறிரும்." அந்த ஒரு வாக்கியத்துல ரெண்டு அம்பு இருக்கு, பனியில இருந்து வரத்துக்கு ஒண்ணு, வரத்துல இருந்து வெலைக்கு ஒண்ணு.

அப்ப பனியோட மொத்த பாதிப்பு வேணும்னா வரத்த மாடல்ல போடவே கூடாது. போட்டா, வரத்து மாறாம இருந்தா பனி என்ன பண்ணும்னு கேட்ட மாதிரி ஆயிரும், பனி வேல செய்யிற வழியே வரத்துதான், அந்த வழிய அடைச்சுட்டு பனிக்கு பவர் இல்லன்னு எழுதுறது எவ்வளவு பெரிய தப்பு! ஆனா ஸ்டெப்வைஸும் சரி ஏஐசியும் சரி லாஸோவும் சரி வரத்த உள்ள கூப்புடும், ஏன்னா அது வெலையோட ரொம்ப ஒட்டிப் போகும். பனி சிக்னிஃபிகன்ட் இல்லன்னு ரிப்போர்ட்ல வந்துரும். முந்தின நாள் வெலையும் இதே ரகம், நேத்து பனி நேத்து வெலையில ஏற்கெனவே ஏறி உக்காந்துருக்கு. நிலக்கோட்டை வெலையும் அப்படித்தான், அதே பனி அங்கிட்டும் விழுது.

அதுக்கு நேர் எதிரா முகூர்த்தத்த கட்டாயம் போடணும், பி-வேல்யூ என்ன வந்தாலும். மார்கழிய நெனச்சு பாருங்க, பனி கொட்டுது, ஆனா கல்யாணம் கிடையாது. வரத்து கொறைவு வெலைய மேல இழுக்குது, கல்யாண தேவ இல்லாதது கீழ இழுக்குது. முகூர்த்தத்த விட்டுட்டு பனிய மட்டும் போட்டா ரெண்டும் கழிஞ்சு பனியோட பாதிப்பு கம்மியா தெரியும். முகூர்த்தம் பனியால வர்றதில்ல, பஞ்சாங்கத்தால வருது, ரெண்டும் சேந்து மாசத்த ஒட்டி நகருது, அதனால அது கட்டுப்படுத்த வேண்டிய ஆளு. வரத்து பனியால வருது, அது விட வேண்டிய ஆளு. இந்த வித்தியாசத்த எந்த சாஃப்ட்வேரும் டேட்டாவ மட்டும் பாத்து சொல்லாது, ரெண்டுமே அதுக்கு வெலையோட ஒட்டிப் போற வேரியபிள் தான்.

வரத்து ஏறுனா வெலை எவ்வளவு எறங்கும்னு கேட்டா இன்னும் சிக்கல். வெலை ரொம்ப படுத்துருச்சுன்னா பறிக்கிற கூலிக்கே கட்டாதுன்னு திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் பூவ செடியிலயே விட்டுருவாங்க, அப்ப வெலையும் வரத்த மாத்துது. அம்பு ரெண்டு பக்கமும் போகுது. இதுல எந்த வேரியபிள சேத்தாலும் எடுத்தாலும் சாதாரண ரெக்ரஷனுக்கு விட கெடைக்காது. 1928லயே ஃபிலிப் ரைட் இதுக்கு ஒரு வழி காட்டிட்டாரு, இப்ப அதுக்கு பேரு இன்ஸ்ட்ருமென்டல் வேரியபிள், விளைச்சல மட்டும் ஆட்டுற ஏதாவது ஒண்ண புடிக்கணும், நம்ம கேஸ்ல வெப்பநிலை அதுக்கு பொருத்தமான ஆளு, வாங்குறவங்க தேவைய பனி நேரா மாத்தாதுன்னு ஒத்துக்கிட்டா.

அம்புக்குறி படத்துக்கும் குறை உண்டு. படம் தப்பா இருந்தா முடிவும் தப்பு, ரெண்டு பேர் ரெண்டு மாதிரி வரையலாம். ஆனா அந்த தப்பு பேப்பர்ல கண்ணுக்கு தெரியும், வியாபாரிகிட்டயோ கைடுகிட்டயோ காட்டி "இந்த அம்பு சரியா"ன்னு கேக்கலாம். ஸ்டெப்வைஸ் ஏன் எடுத்துச்சுன்னு யார்கிட்ட போய் கேக்குறது?

டேட்டா கம்மியா இருக்குறவங்களுக்கு, அதாவது சர்வே எடுத்து அறுபது பேர் பதில் கையில வச்சுக்கிட்டு பன்னெண்டு வேரியபிள் போட நெனைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த. ஒரு வேரியபிளுக்கு பத்துல இருந்து பதினஞ்சு ரோவாவது வேணும்னு ஒரு தோராய கணக்கு உண்டு, அதுபடி உங்களுக்கு நாலுல இருந்து ஆறுதான் தாங்கும். அது எதெதுன்னு டேட்டாவ தெறக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க. ரெண்டு வேரியபிள் ரொம்ப ஒட்டிப் போகுதான்னு விஐஎஃப் பாருங்க, ஒரு வேரியபிள மத்தத வச்சு சொல்ற ஆர்-ஸ்கொயர் 0.9 வந்தா விஐஎஃப் 10, அதுக்காக ஒடனே தூக்கிறாதீங்க, கட்டுப்படுத்த வேண்டிய வேரியபிள்னா விஐஎஃப் எவ்வளவு இருந்தாலும் அது இருக்கட்டும்.

வைவால "ஏன் டீசல் வெலைய விட்டீங்க, ஏன் முகூர்த்தத்த வச்சீங்க"ன்னு கேட்டா, சிக்னிஃபிகன்ட் இல்ல சார், சிக்னிஃபிகன்ட் சார்னு சொன்னா அடுத்த கேள்வி வரும். கேள்வி பனியப் பத்தினது, டீசல் வெலைக்கும் பனிக்கும் சம்பந்தமில்ல, முகூர்த்தம் பனியோடயும் சேந்து நகருது வெலையையும் மாத்துதுன்னு சொல்லி, அந்த படத்த எடுத்து காட்டுங்க. ரிப்போர்ட்லயும் அந்த படம் ஒரு பக்கத்துல இருக்கட்டும், போட்டுப் பாத்து விட்ட மாடல்களோட டேபிள் பின்னிணைப்புல இருக்கட்டும்.