சிபிஓ செலவு மதிப்பீடு: தடை மசோதாவுக்கு ஆகும் செலவை எவ்வளவு காட்டுகிறது?

வெளிநாட்டில் நடக்கும் மனித உரிமை மீறலுக்காக, அதில் ஈடுபட்டவர்கள் மீது விசா மறுப்பு, சொத்து முடக்கம் போன்ற தடை விதிக்கச் சொல்லி அமெரிக்க காங்கிரஸில் ஒரு மசோதா குழுவைத் தாண்டினால், அதனால் அரசுக் கஜானாவுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடுவது சிபிஓ என்கிற காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, கட்சி சாராத அமைப்பு. மதிப்பீடுகள் எல்லாம் அதன் இணையதளத்தில் இலவசம். மசோதா எண்ணைப் போட்டுத் தேடினால் போதும்.

முதல் பக்கத்துப் பெட்டியிலேயே பாதி விஷயம் இருக்கிறது. நேரடிச் செலவு, வருவாய், பற்றாக்குறை, ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து செய்ய வேண்டிய செலவு என்று தனித்தனி வரிசை; 5 ஆண்டு, 10 ஆண்டுக் கணக்கு பக்கத்திலேயே. தடை மசோதாக்களில் பெரும்பாலும் எண்ணுக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறிதான் இருக்கும். அதைப் பூஜ்யம் என்று படிப்பவர்கள் நிறையப் பேர். அது தவறு. கூடினாலும் குறைந்தாலும் 5 லட்சம் டாலரைத் தாண்டாது என்பதே அதன் பொருள், அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறது.

அந்தச் சிறு தொகை எங்கிருந்து வருகிறது என்று விளக்கும் பகுதிதான் இந்தச் சேவையின் பலம். விசா மறுப்பால் கட்டண வருவாய் கொஞ்சம் குறையும். தடையை மீறுபவர்கள் கட்டும் அபராதம் வருவாயாகப் பதிவாகும். அதில் ஒரு பகுதியை, புதிய ஒதுக்கீடு இல்லாமலேயே செலவழிக்கலாம். குற்ற அபராதம் 1984இல் தொடங்கிய குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிதிக்குப் போவது இப்படித்தான். வெளியுறவுத் துறை காங்கிரஸுக்குத் தர வேண்டிய அறிக்கைகளுக்கு ஆகும் ஊழியர் செலவு இன்னொரு பக்கம்.

முடக்கிய சொத்து இந்தக் கணக்கில் வராது. தடைப் பட்டியலில் உள்ளவரின் வங்கிக் கணக்கை முடக்கினால் அந்தப் பணம் அரசுக்கு வருமானம் என்று பலரும் நினைக்கிறார்கள். வராது. உரிமை அவரிடமே இருக்கும். வங்கி அதை வட்டி தரும் கணக்கில் போட்டு வைத்து, 10 வேலை நாளுக்குள் கருவூலத் துறையின் தடை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் கணக்கு காட்ட வேண்டும்.

அந்த வேலைக்கு வங்கிகளுக்கு ஆகும் செலவு பெட்டிக்குள் தொகையாக வராது என்பதுதான் பெரிய குறை. தனியார் துறைக்குக் கட்டாயச் சுமை உண்டா, அது வரம்பைத் தாண்டுமா என்று மட்டும் ஒரு வரி இருக்கும். 1995ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த வரம்பு 10 கோடி டாலர். பணவீக்கத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்கிறது. அதற்குக் கீழே என்றால் வங்கிகளுக்குச் சுமையே இல்லை என்று அர்த்தமில்லை.

தலைப்பில் எந்த வடிவத்துக்கான மதிப்பீடு என்று பாருங்கள். குழு நிறைவேற்றிய தேதியில் இருந்த வாசகத்துக்குத்தான் கணக்கு. சபையில் திருத்தம் வந்தால் அந்த மதிப்பீடு பழசாகிவிடும். தடை மசோதா வேறொரு பெரிய சட்டத்துக்குள் ஒரு பகுதியாக நுழைவதும் உண்டு. மனித உரிமை மீறியவர்கள் மீது தடை விதிக்க வழிசெய்து 2016 டிசம்பரில் வந்த உலகளாவிய மேக்னிட்ஸ்கி சட்டம் பாதுகாப்புத் துறை அங்கீகாரச் சட்டத்துக்குள் சேர்ந்தே நிறைவேறியது.

மசோதாவுக்குத்தான் மதிப்பீடு, தடைக்கு ஆளாகும் தனிநபரின் பெயருக்கு இல்லை. 2020 பிப்ரவரியில் இலங்கை இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவும் அவருடைய நெருங்கிய குடும்பத்தினரும் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை வந்தபோது, மனித உரிமை மீறிய வெளிநாட்டு அதிகாரிகளின் நுழைவைத் தடுக்க ஏற்கெனவே ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இருந்த 7031(சி) பிரிவைத்தான் வெளியுறவுத் துறை பயன்படுத்தியது. புதிய மசோதா தேவைப்படவில்லை. அவர் பெயரைப் போட்டுச் சிபிஓ தளத்தில் தேடிப் பயனில்லை.