பழைய ஃபிளேம்ப்ரூஃப் (எஃப்.எல்.பி.) மோட்டார் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ரூ. 1,40,000 போச்சு

பழைய தொழிற்சாலைச் சாமான்கள் விற்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் ரூ. 1,40,000 பறிகொடுத்திருக்கிறேன். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் போடவில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது சின்ன ரெசின் யூனிட். ரியாக்டரில் டொலுவீன் என்ற எளிதில் தீப்பற்றும் திரவம். அதன் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலை, சுமார் 4 டிகிரிதான். நம் ஊர்ச் சூட்டில் எந்நேரமும் ஆவி இருக்கும். அங்கே சாதா மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்க முடியாது. ரியாக்டரைக் கலக்கும் அஜிடேட்டருக்கு, உள்ளே வெடித்தாலும் வெளியே தீ பரவாத எஃப்.எல்.பி. மோட்டார் இரண்டு, கூடவே ஸ்டார்ட்டர், ஜங்ஷன் பாக்ஸ் கேட்டேன்.

விற்றவர் வீடியோ காலில் வந்து, "பிளேட்ட நல்லா பாருங்க சார்" என்று கேமராவை நெருக்கினார். எக்ஸ் டி, டூ பி, டி4 என்று எஃப்.எல்.பி. மோட்டாருக்கான குறியீடு பளிச்சென்று இருந்தது. பெசோ (வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) அனுமதிக் கடித நகலும் வாட்ஸ்அப்பில் வந்தது. "நம்ம பசங்க வேலை செய்ற இடம் சார், இதுல விளையாடுவோமா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

எஃப்.எல்.பி. பெட்டிக்குள் ஆவி புகத்தான் செய்யும், உள்ளே வெடிக்கவும் கூடும். பெட்டி அதைத் தாங்க வேண்டும். மூடி இடுக்கு வழியாக வெளியேறும் நெருப்பு, வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காத அளவுக்குக் குளிர்ந்துவிட வேண்டும். அதற்காகத்தான் மூடியும் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தும் முகப்பை, அதாவது ஃபிளாஞ்சை, அவ்வளவு துல்லியமாக இழைக்கிறார்கள். வந்த மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் ஃபிளாஞ்ச் முழுக்க கிரைண்டர் கீறல், மேலே பெயின்ட், நடுவில் கையால் வெட்டிய ரப்பர் ஷீட். இரண்டு போல்ட் இல்லவே இல்லை. "அண்ணே, இதுக்கு லைன் குடுக்கச் சொன்னா நான் வீட்டுக்குப் போயிடுறேன்" என்றார் எலக்ட்ரீஷியன். கடிதத்தில் இருந்த கம்பெனிக்கே போன் செய்தேன். அதில் இருந்த அனுமதி எண் ஏதோ லைட் ஃபிட்டிங்குக்கு வாங்கியதாம்!

விற்றவர் முதலில் "கோடவுன்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். அப்புறம் "எல்லாரும் இப்படித்தான் சார் ஓட்டுறாங்க." அப்புறம் போனே எடுக்கவில்லை. தளத்தைக் கேட்டால், நாங்கள் இடைத்தரகர் மட்டும்தான், பாக்ஸைத் திறந்துவிட்டதால் ரிட்டர்ன் கிடையாது என்கிறார்கள். திறக்காமல் எப்படி ஐயா பார்ப்பது? ரூ. 1,40,000!

சரி, சொல்கிறேன் என்றேனே. அனுமதிக் கடிதத்தில் உள்ள மாடல், பிளேட்டில் உள்ள மாடல் இரண்டும் ஒன்றா என்று தயாரித்த கம்பெனியிடமே கேளுங்கள். ஃபிளாஞ்சில் பெயின்டோ ரப்பரோ இருந்தால் தொடாதீர்கள். திறந்து பார்க்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். கேபிள் கிளாண்ட், எர்த்திங் பற்றியும் எழுத இருந்தேன். நுகர்வோர் கோர்ட் வக்கீல் கூப்பிடுகிறார், போக வேண்டும்.