வீடியோ கேம்கள் எளிதாகிவிட்டனவா? கான்ட்ரா முதல் எல்டன் ரிங் வரை ஒரு நெடுநாள் ஆட்டக்காரனின் கணிப்பு

இக்கால வீடியோ கேம்கள் மிகவும் எளிதாகிவிட்டன என்று என் வயதொத்தவர்கள் குறைப்பட்டுக்கொள்ளும்போது அதில் பாதியை மட்டுமே என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது. தொண்ணூறுகளில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் கொடுத்த நிண்டெண்டோ நகல் பெட்டி, பிறகு நாகர்கோவில் பிரவுசிங் சென்டர் கணினிகள், இப்போது தக்கலையில் எங்கள் வீட்டிலுள்ள பிளேஸ்டேஷன் 4 என்று நான் விளையாடாமல் விட்ட காலம் குறைவு. தோற்றவர் கொடுக்க வேண்டிய விலை இன்று குறைந்திருக்கிறது, அது நல்லதே. ஆனால் வழியைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் வேலையும் கூடவே குறைந்துவிட்டது. என் வருத்தம் அதைப் பற்றித்தான்.

1988-இல் வீட்டு விளையாட்டுக் கருவிக்கு வந்த கான்ட்ரா என்ற சுடும் ஆட்டத்தில் மூன்றே லைஃப், அதாவது மூன்றே உயிர். ஒரு குண்டு பட்டால் ஒன்று போய்விடும். மூன்றாவது ஸ்டேஜான அருவியில் திரை மேல்நோக்கி மட்டுமே நகரும் என்பதால், இருவர் சேர்ந்து ஆடும்போது முன்னால் தாவி ஏறியவர் திரையையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார். கீழ்ப்பாறையில் தங்கியவர் எதிரி எவரும் சுடாமலேயே செத்துவிடுவார். "நில்லுலே மக்கா, நான் ஏறட்டு" என்று கத்தாமல் அந்த ஸ்டேஜை நாங்கள் கடந்ததாக நினைவில்லை. ஆட்டத்தை நடுவில் சேமித்து வைக்க வழி கிடையாது. இடவப்பாதி மழையில் தென்னை மட்டை ஒன்று மின்கம்பியில் விழுந்தால், எந்த ஸ்டேஜில் இருந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

இந்தக் கடுமையைத் திறமைக்கு வைத்த சோதனை என்று போற்றுவோர், கான்ட்ரா முதலில் 1987-இல் நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரத்துக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்டக்காரர் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். வீட்டுக்கு வந்தபோது நாணயத் துளை இல்லாமல் போனது, கடுமை அப்படியே இருந்துவிட்டது. அது விற்பனைக்கும் உதவியது, ஏனெனில் நன்கு பழகிய ஒருவர் கான்ட்ராவை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். திரும்பத் திரும்பச் சாகடித்தால்தான் ஒரு கேசட் ஒரு கோடை விடுமுறைக்குத் தாங்கும். அன்றைய கணக்கு இன்று கைபேசிக்குத் திரும்பியிருக்கிறது. 2012-இல் வந்த கேண்டி க்ரஷ் ஐந்து லைஃப் தருகிறது; தீர்ந்தால் ஒவ்வொன்றும் திரும்பிவர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும், அல்லது என் பெரியம்மாவைப் போலக் குடும்பத்தில் உள்ள அனைவரிடமும் கேட்டு வாங்க வேண்டும். பப்ஜி வகை ஆட்டங்கள் எதிர்த் திசையில் போகின்றன. புதிதாகச் சேர்ந்தவரை முதல் சில ஆட்டங்களில் பெரும்பாலும் கணினி இயக்கும் பொம்மை வீரர்களோடு மோதவிட்டு, வெற்றியின் ருசியைக் காட்டி இருத்திவிடுகின்றன. எளிது, கடினம் இரண்டுமே அங்கே ஆட்டக்காரரைப் பிடித்து வைப்பதற்கான ஏற்பாடுகள்.

வீட்டு விளையாட்டுக் கருவிகளிலும் கணினியிலும் வந்த மாற்றத்தின் தன்மை வேறு. 1989-இன் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் மொத்தமே ஒரு மணி நேரம்தான் கெடு. அதே பெயரில் 2003-இல் வந்த ஆட்டத்தில், தவறிக் குதித்தால் காலத்தையே பின்னோக்கி ஓட்டிக்கொள்ளலாம். 2005-இன் கால் ஆஃப் டூட்டி 2-இல் சற்று நேரம் மறைந்திருந்தால் காயம் தானாக ஆறும். 2013-இன் ஜிடிஏ 5-இல் ஒரே கட்டத்தில் மூன்று முறை தோற்றால் அதைத் தாண்டிச் செல்ல ஆட்டமே வழிவிடுகிறது. 2018-இல் வெளிவந்த செலெஸ்ட் இதில் என் மதிப்பில் மிக நாகரிகமானது. மிகக் கடினமான அந்த ஆட்டத்தில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்தியவரை அது எங்கும் கேலி செய்வதில்லை.

இத்தகைய வசதிகள் யாருக்கு என்று கேட்பவர்களிடம் தூத்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்வேன். ஆழ்கடல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்பாதவர். வந்து கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுக்கும்போது எந்தப் பொத்தான் தடுப்பது, எது உருண்டு விலகுவது என்பது விரலுக்கு மறந்திருக்கும். ஆட்டமோ கதையின் நடுவில், முன்பே பழகியவருக்கென்று வைத்த எதிரியின் முன்னால் நிற்கும். கடினத்தை ஒரு படி இறக்கி, அன்று மாலை சண்டையை முடித்து, கதையைத் தொடர்ந்துவிட்டு அடுத்த பயணத்துக்குப் போகிறார். அவர் கொடுத்த பணத்துக்கு அந்த முடிவு அவருக்கு உரியதுதானே.

வழி தேடுவது குறைந்ததை மட்டும் இப்படி ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1985-இன் சூப்பர் மாரியோவில் நான்காம் உலகத்துக் கோட்டைக்குள் தவறான தளத்தில் ஓடினால் அதே பாதை மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கும். பாதை திரும்ப வருகிறது என்பதைக்கூட ஆட்டம் அறிவிக்காது. நாமாகவே சந்தேகப்பட்டு, மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இன்றோ திரையின் மூலையில் வரைபடம், அதில் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு குறி. பல ஆட்டங்களில் நகரத்தைப் பார்க்காமல் அந்தக் கோட்டையே பார்த்து நடந்திருக்கிறேன். 2022-இன் காட் ஆஃப் வார் ரக்னராக்கில் புதிர் ஒன்றின் முன் நின்று யோசிக்கத் தொடங்குவதற்குள் உடன் வரும் பாத்திரம் விடையைச் சொல்லிவிடுகிறது. அந்த நேரத்தில் எனக்கு வந்த எரிச்சல் எந்த எதிரியிடம் தோற்றும் வந்ததில்லை.

அதே 2022-இல் வந்த எல்டன் ரிங் எதிர்ப்பக்கம் நிற்கிறது. கடினத்தைக் குறைக்கும் தேர்வும் இல்லை, செய்ய வேண்டியவற்றின் பட்டியலும் இல்லை. ஓய்விடங்களிலிருந்து எழும் பொன்னிற ஒளிக்கீற்று ஒரு திசையை மட்டும் காட்டும். "மாமா, எங்க போணும்னு சொல்லவே மாட்டேங்குது" என்று முறையிட்ட என் தங்கை மகன் அந்த ஒளியை நம்பிப் போய், கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற பெரிய எதிரியிடம் பல மாலைகள் அடி வாங்கினான். பிறகு ஒளியை விட்டுவிட்டுக் குதிரையில் தெற்கே இறங்கி, தீபகற்பம் முழுவதும் சுற்றி வலுவேற்றிக்கொண்டு திரும்பி வந்து வென்றான். தெற்கே போ என்று அவனுக்கு ஆட்டமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது, இந்த ஆட்டமும் தோற்றவரைத் தேவையின்றி அலைக்கழிப்பதில்லை. பெரும்பாலான பெரிய எதிரிகளின் அருகிலேயே மறுபடி எழுந்துகொள்ளலாம். கான்ட்ராவின் கொடுமையை விட்டுவிட்டு மாரியோ கோட்டையின் புதிரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது புதிய ஆட்டம் எதைத் தொடங்கினாலும் சண்டையின் கடினத்தை நடுத்தரத்தில் விட்டுவிட்டு, அணைக்கக்கூடிய குறிகளை எல்லாம் அணைத்துவிடுகிறேன். 2018-இன் அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. அதில் இடம் குறியாகக் காட்டப்படாமல், இன்ன ஊருக்கு வடக்கே, இன்ன ஆற்றின் அருகில் என்று அடையாளமாகச் சொல்லப்படுகிறது. 2020-இன் கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் அம்புக்குறியின் வேலையைக் காற்று செய்கிறது. புல் சாயும் திசையில் போக வேண்டும். மற்ற பல ஆட்டங்களில் குறிகளை அணைத்தால் திக்குத் தெரியாமல் நிற்க வேண்டியிருக்கிறது. குறி எப்படியும் இருக்கும் என்ற நினைப்பிலேயே உரையாடல்களை எழுதியிருப்பதால், போக வேண்டிய இடத்தின் அடையாளம் எந்தப் பாத்திரத்தின் வாயிலும் வருவதே இல்லை.