ஏடி டயர் போடப் போகிறீர்களா? டயரின் உள்பக்கத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

பிக்கப் வண்டிக்கு ஏடி டயர் (ஆல் டெரெய்ன், தாரிலும் மண்ணிலும் ஓடுவது) போட இந்த மழைக்காலத்தில் கிளம்புகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான்கு டயருக்கு 56,000 ரூபாய் கொடுத்தோம். முன்னால் மாட்டியது ஆறு வருடத்துக்கு முன் தயாரான டயர். பின்னால் மாட்டியது எங்கள் வண்டிக்கு உரிய சுமை எண் (எவ்வளவு எடை தாங்கும் என்ற குறி) இல்லாத டயர். நாங்கள் கேட்டது ஒரு சக்கரத்தில்கூட இல்லை. கடை ஒன்றும் ரோட்டோரப் பெட்டிக்கடை அல்ல. கம்பெனி போர்டு, ஏசி அறை, கம்ப்யூட்டர் அலைன்மென்ட் எல்லாம் உள்ள இடம். விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2017 மாடல், 16 இஞ்ச் ரிம், டயர் சைஸ் 245/70 ஆர் 16. திண்டுக்கல் மாவட்டத்து மலைக் கிராமமான தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம், நடுவே மிளகு. வத்தலக்குண்டிலிருந்து மேலே வரை தார் ரோடுதான். தோட்டத்துக்குள் இறங்கும் கடைசித் துண்டு மட்டும் செம்மண். கோடையில் அதில் சாதாரண காரே போய்வரும். ஐப்பசி, கார்த்திகையில் களியாகக் குழைந்துவிடும், ரோட்டு டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்காக எம்டி (மட் டெரெய்ன், சேற்றுக்கான டயர்) போடலாம் என்றால், அதன் பெரிய பட்டன்கள் (தரையைக் கவ்வும் ரப்பர் கட்டிகள்) நனைந்த தாரில் பிடிக்கும் பரப்பு குறைவு, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அது தெரியும், சத்தம் வேறு. ஓட்டத்தில் பெரும்பகுதி தார், கொஞ்சம் சேறு என்கிற எங்களைப் போன்றவர்களுக்கு ஏடிதான் சரி. இதில் எனக்கும் அண்ணனுக்கும் குழப்பமே இல்லை.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியே கேட்டோம்: 245/70 ஆர் 16, ஏடி, சுமை எண் 111, 2025 தயாரிப்பு. "எல்லாம் இருக்குண்ணே, புது சரக்கு" என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் இன்று எங்கள் கையில் இருக்கும் ஒரே கெட்டியான ஆதாரம். போனில் பேசிவிட்டுக் கிளம்பியிருந்தால் இந்தப் பதிவு வெறும் புலம்பலாகத்தான் இருந்திருக்கும்.

சுமை எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் நடந்தது. டயரின் பக்கவாட்டில் சைஸுக்குப் பக்கத்தில் 111எஸ் என்பதுபோல ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 111 என்றால் அந்த ஒரு டயர் 1,090 கிலோ வரை தாங்கும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரை என்ற வேகக் குறி. மலை ரோட்டில் அதைப் பற்றிக் கவலையில்லை. இதே சைஸில், இதே பட்டன் டிசைனில், 107 என்றும் டயர் வரும். அது 975 கிலோதான். 111 என்பது எக்ஸ்எல் எனப்படும் கூடுதல் சுமை வகை. 107 சாதாரண வகை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூட எண்ணைப் படிக்காமல் வித்தியாசம் தெரியாது. பின்னால் இரண்டு டயருக்கும் சேர்த்து 230 கிலோ குறைகிறது. 50 கிலோ மூட்டை என்றால் நாலரை மூட்டை. பிக்கப்பை வீட்டுக் கார் போல ஓட்டுகிறவருக்கு இது பெரிதில்லாமல் போகலாம். சுமை ஏற்றுகிறவருக்கு இதுதான் விஷயமே. புது டயரின் எண் வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் குறையவே கூடாது.

விலையில் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. மற்ற இரண்டு கடைகளைவிட டயருக்கு இரண்டாயிரம் ரூபாய் கீழே சொன்னார். "ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சுல்லண்ணே, நாங்க அப்படியே கஸ்டமருக்குக் கொடுத்துடறோம்" என்றார். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு 28 சதவீதம் 18 ஆனது உண்மைதான். ஆனால் அது கடைக்குக் கடை மாறாது. வரியோடு 128 ரூபாய்க்கு விற்ற பொருள் 118 ஆகும்; எட்டு சதவீதம்கூட இல்லை. மற்றவர்களும் அதைக் குறைத்த பிறகுதான் விலை சொல்லியிருந்தார்கள். இதைச் சொன்னதும் "நமக்கு கம்பெனி ஸ்கீம் தனியா இருக்குண்ணே" என்று வேறு காரணத்துக்குத் தாவினார்.

முதலில் 245 வேண்டாம், இன்னும் அகலமான 265/70 போடுங்கள், வண்டி கம்பீரமாக இருக்கும் என்றுதான் தள்ளப் பார்த்தார். அந்த டயர் 28 மில்லிமீட்டர் உயரம் கூடுதல். மீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 104-இல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரச வாய்ப்புண்டு. வேண்டாம் என்றோம். அதன் பிறகு ஸ்டாண்டிலிருந்து ஒரு டயரை இறக்கிக் காட்டினார். 111, தேதி 3025. டயரில் பொறித்திருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆக 2025-இன் முப்பதாவது வாரம், ஜூலை மாதச் சரக்கு. பட்டன் ஆழம் நன்றாக இருந்தது, ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது. சரி என்றோம்.

அந்த டயர் எங்கள் வண்டியில் ஏறவே இல்லை.

வண்டியை உள்ளே எடுத்ததும், "ஜாக்கி போடற இடம், கஸ்டமர் நிக்கக் கூடாதுண்ணே" என்று ஏசி அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். பழைய டயர்களைக் கழற்றிய கையோடு பின்னால் ஒரு குவியலில் போட்டாகிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் கணக்கில் கழித்தும் ஆகிவிட்டது. வெளியே வந்தபோது நான்கு சக்கரமும் மாட்டி, கறுப்புப் பாலிஷ் பூசிப் பளபளவென்று நின்றது வண்டி. தேதி எங்கே என்று கேட்டேன். "வெள்ளை எழுத்து வெளிய வந்தாத்தானே லுக்கு, அதான் நம்பர் சைடு உள்ள போயிருச்சு. நீங்க பார்த்த அதே லாட்டுதாண்ணே." பல டயர்களில் தேதி ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், அது உள்பக்கம் போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். சுமை எண் வெளியே தெரிந்தது. முன் டயரில் 111. பின்னால் போய்ப் பார்ப்பதற்குள் ஒரு பையன் டெயில் கேட் பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஆரம்பித்தான். தற்செயலா, பழக்கமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை.

பில்லில் "டயர் 245/70ஆர்16 – 4" என்று ஒரே வரி. சுமை எண், டிசைன் பெயர், தேதி எதுவும் கிடையாது. எழுதிக் கொடுங்கள் என்றதற்கு "சாஃப்ட்வேர்ல அதுக்குக் கட்டமே இல்லண்ணே" என்றார்கள்.

அடுத்த மழையிலேயே தெரிந்துவிட்டது. இறக்கத்தில் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தோம், பிரேக்கைத் தொட்டதுமே, சக்கரம் வழுக்கும்போது வேலை செய்யும் ஏபிஎஸ் காலுக்கடியில் கடகடவென்று உதைத்தது. பழைய டயர் தேய்ந்து முடியும் தறுவாயில்கூட அப்படிச் செய்ததில்லை. ரப்பர் வருடக்கணக்கில் கிடந்தால் இறுகும். பட்டன் முழுசாக இருக்கும், ஆனால் ஈரத் தாரில் கவ்வாது. இரண்டாவது, மிளகு மூட்டை ஏற்றி வளைவில் திரும்பும்போது பின்பக்கம் நெளிந்தது. காற்று குறைவோ என்று வத்தலக்குண்டில் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடையில் நிறுத்தினோம்.

பஞ்சர் கடை அண்ணன் காற்றைப் பார்த்தார். நான்கிலும் ஒரே அளவு. சுமை ஏற்றினால் பின்னால் கூட வேண்டும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வெறும் வண்டிக்கும் சுமைக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். டயர் கடையில் அதைப் பார்க்கவே இல்லை. பிறகு பின் சக்கரத்தைப் பார்த்தவர், "தம்பி, இது 107-ல? உன் வண்டிக்கு 111 தானே வரும்?" என்றார். முன் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் துடைத்தார். 2219. 2019, மே மாதக் கடைசி. இன்னொன்றும் அதே. பின் டயர்கள் 2023 தயாரிப்பு. எல்லாவற்றையும் அங்கேயே வீடியோ எடுத்தோம்.

இந்த சைஸில் இப்படி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. சின்னக் கார் டயர் வாரா வாரம் விற்கும், சரக்கு தேங்காது. 16 இஞ்ச் பிக்கப் ஏடி டயர் எப்போதாவதுதான் போகும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு சில வெளிநாட்டு பிராண்டு சைஸ்கள் அரிதாகிப் போயின. கையில் இருந்ததைப் பொத்தி வைத்தவர்களும் உண்டு. கோடவுனில் தேங்கியது யார் தலையிலாவது இறங்க வேண்டும். நிழலில் ஒழுங்காக அடுக்கி வைத்த டயர் ஒரு வருடத்தில் கெட்டுப்போகாது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லும் டயர் கம்பெனிகளே இருக்கின்றன. அந்த வயதில் ஒன்றைப் புதிது என்று விற்றால் அதற்குப் பெயர் வியாபாரம் இல்லை.

திரும்பப் போய்க் கேட்டபோது கதைகள் வரிசையாக வந்தன. 2219 பேட்ச் நம்பராம். 107-க்கும் 111-க்கும் "நாலு பாயின்ட்தாண்ணே வித்தியாசம்". டயரில் எம்+எஸ் என்று போட்டிருப்பதே ஏடிக்கு அத்தாட்சியாம். எம்+எஸ் என்பது சேறும் பனியும் என்று கம்பெனி தானே போட்டுக்கொள்ளும் குறி; சாதாரண ரோட்டு டயர்களிலும் இருக்கும். அதற்கும் சுமைக்கும் தேதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடைசியில் நிஜமான பதில் வந்தது: "ஓட்டிட்டீங்க, இனிமே அது செகண்ட்ஸ். வேணும்னா கழட்டி வெச்சுட்டு வண்டிய எடுத்துட்டுப் போங்க." பழைய டயர் ரீட்ரேடிங்குக்கு (மேல் ரப்பரைப் புதிதாக ஒட்ட) போயாகிவிட்டது என்று தெரிந்துகொண்டே சொன்ன வார்த்தை இது. வண்டியை ரிம்மில் உருட்டிக்கொண்டா வர முடியும்? எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடி எவ்வளவு ஆசை காட்டினாலும், புது டயரை நீங்கள் படித்து முடிக்கும் வரை பழையது உங்கள் வண்டியின் தொட்டியிலேயே இருக்கட்டும்.

பில்லை மறுபடி புரட்டியபோது இன்னொன்று அகப்பட்டது. நான்கு சக்கர அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) என்று 1,600 ரூபாய். இந்த வண்டியின் பின்னால் இருப்பது பட்டை வில்லில் உட்கார்ந்த ஒரே ஆக்ஸில். அங்கே திருகிச் சரிசெய்ய ஒன்றுமே கிடையாது. கம்ப்யூட்டர் பின் சக்கரத்தையும் அளந்து படம் காட்டும், அவ்வளவுதான். கூடவே நைட்ரஜன் என்று ஒரு தொகை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயர் கம்பெனிக்கு எழுதினோம். ஆள் வந்து பார்த்தார், மரியாதையாகப் பேசினார், டயர் அசல்தான், தயாரிப்புக் குறை இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். குறை டயரில் இருப்பதாக நாங்களும் சொல்லவில்லையே.

அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அந்தப் புகார் எண்ணோடு கடைக்கு நோட்டீஸ் போனதும், பின் டயர் இரண்டையும் 111-க்கு மாற்றிக் கொடுத்தார்கள், இந்தத் தடவை தேதியை எங்கள் கண் முன்னால் காட்டி. முன் டயருக்கு மட்டும் ஐயாயிரம் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுத்துவிட்டோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளைப் புதிது என்று காட்டுவதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. கடை வேறு ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் வரையான விஷயத்துக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம். வக்கீல் கட்டாயமில்லை, நாங்கள் வைத்துக்கொண்டோம்.

முன் டயர்களை வேறு கடையில் வாங்கினோம். அங்கே டயரைத் தரையில் போட்டு எண்ணைப் படித்து, பில்லில் பேனாவாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் ஒரு பெரியவர். சாஃப்ட்வேர் எதுவும் தடுக்கவில்லை. கழற்றிய இரண்டையும் சாட்சிக்காக வைத்திருக்கிறோம், விற்கவில்லை.

மனுவுக்குக் கடை கொடுத்த பதிலில், வீடியோவில் இருப்பது வேறு வண்டியின் டயர் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீடியோவில் நம்பர் பிளேட்டிலிருந்து சக்கரம் வரை கேமரா வெட்டில்லாமல் வருகிறது, அதனால் பிழைத்தோம். நீங்கள் எடுத்தாலும் வண்டி நம்பரில் தொடங்கி, சக்கரத்துக்கு வந்து, டயரின் கடைசி நான்கு இலக்கம் தெளிவாகத் தெரியும் வரை நடுவில் நிறுத்தாமல் எடுங்கள்.