மாத்திரைக் கணக்கு யார் கையில்? மதுரை, கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, ஆன்லைன், உள்ளூர்க் கடை

மனசு ஒரு சமயம் எல்லை மீறித் துள்ளும், ஒரு சமயம் அடியோடு சோர்ந்துவிடும். அந்த இருமுனை நோய்க்காகப் பதினோரு வருடமாக லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் இருந்துகொண்டு அந்த மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்ள நான்கு வழிகளையும் முயன்றுவிட்டேன். போன மாதம் என் சித்தி மகளுக்கு முதல் மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். "எங்க வாங்குறது நல்லது ஆச்சி?" என்று கேட்டாள். (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்.) அவளிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை டாக்டரோடு பேசிக்கொள்ளுங்கள். விலையும் எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. லித்தியம் பழைய மருந்து, மலிவுதான். பஸ் செலவும் அலைச்சலும் எல்லாருக்கும் தெரிந்தவை.

முதல் சில வருடம் நான் செய்தது, மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு அங்கேயே மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வருவது. திருப்பத்தூர், மேலூர் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ். மாட்டுத்தாவணியில் இறங்கினால் நம்மை யாருக்கும் தெரியாது. இந்த வழியின் பலமே அதுதான். மனநல மாத்திரை என்று வெளியே தெரிந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரன் பேசுவது கஷ்டமாகிவிடுமோ என்று பயப்படுகிற ஊர்கள் நம்முடையவை. என் அப்பச்சி மாத்திரை அட்டைகளைத் துணிக்கடைப் பையில் போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் தினம் இரண்டு மாத்திரை என்றால், மூன்று மாதத்துக்குப் பத்து மாத்திரை அட்டையாகப் பதினெட்டு அட்டை. அத்தனைக்கும் கணக்கு வைத்திருந்தது நான் ஒருத்திதான்.

2018-இல் வீட்டில் ஒரு கல்யாணம். அலமாரியில் இன்னும் மூன்று அட்டை இருப்பதாக நினைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் மூன்றும் காலி. கல்யாணம் முடியட்டும், மதுரை போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் நன்றாகவே இருந்தது. அப்புறம் தூக்கம் போனது. பத்தாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில் உட்கார்ந்து, தரையின் ஆத்தங்குடிக் கல் ஒவ்வொன்றையும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். களைப்பே இல்லை. ஆத்தா வந்து கையைப் பிடித்தார்கள். "நீங்க போய்ப் படுங்க, இன்னும் நாலு வரிசைதான்" என்றேன். அதற்கடுத்த மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். நிறுத்தத்தான் வேண்டும் என்றாலும் டாக்டர் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்திருந்தும் உதவவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டதே என்று பதற வேண்டிய அதே மனசு, "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது. கணக்குப்பிள்ளைக்கே காய்ச்சல் வந்தால் பேரேட்டை யார் பார்ப்பது? அதனால் எந்த வழியை எடைபோட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். என்னைத் தவிர இன்னொருவர் கையிலும் இந்தக் கணக்கு இருக்கிறதா?

மொத்தமாக வாங்குவதில் இன்னொரு குறையும் உண்டு. லித்தியத்துக்குச் சரியான அளவும் விஷமாகும் அளவும் மிக நெருக்கம். மனம் தத்தளிக்கும் ஒருவர் இருக்கிற வீட்டில் பதினெட்டு அட்டையைச் சேர்த்துவைப்பது நல்லதில்லை என்று டாக்டரே பிறகு சொன்னார்.

அடுத்து ஒரு வருடம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மனநல மருந்துகளை அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகத் தர வேண்டும். எனக்கும் தந்தார்கள். ஓபி நோட்டு அருமையான ஏற்பாடு. டாக்டர் மாறினாலும் நோட்டு மாறாது. ஒரு மாதம் நான் சாப்பிடும் 400 எஸ்.ஆர். இல்லாமல் சாதா 300 கொடுத்தார்கள். முன்னது உடம்பில் மெதுவாகக் கரைவது, பின்னது உடனே கரைவது. மாற்றினால் ரத்தத்தில் லித்தியம் அளவை மறுபடி பார்க்க வேண்டும். அந்த மாதம் எனக்குக் கை நடுங்கியது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். இன்னொரு மாதம் நான் போகவே இல்லை. யாரும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அவர்களால் கேட்கவும் முடியாது.

ஆனால் மாதாந்திர ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அங்கேயே போகலாம் என்பேன். எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு அப்படித்தான் நடக்கிறது. தேதி தவறினால் நர்ஸ் அம்மாவே வீட்டுக்குப் போன் செய்கிறார். கணக்கு இன்னொருவர் கையில் இருக்கிறது.

ஆன்லைனில் இரண்டு மாதம்தான் வாங்கிப் பார்த்தேன், அதனால் அடித்துப் பேசமாட்டேன். 2020 மார்ச்சில் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்தபிறகு, வீடியோவில் பார்த்து டாக்டர் சீட்டு எழுதித் தர முடிகிறது. போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் தூக்க மாத்திரைகள் சிலவற்றை மட்டும் அப்படி எழுத முடியாது. எனக்கு இரண்டாவது பார்சல் நான்கு நாள் தாமதமாக வந்தது. கையில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் தப்பித்தேன். மாத்திரை தீரப்போகிறது என்று நினைவூட்டும் செய்தியும் என் போனுக்குத்தான் வரும். திரும்பவும் நான் ஒருத்திதான்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரை டாக்டர். மாத்திரையை மட்டும் மாதாமாதம் காரைக்குடியில் ஒரே மருந்துக்கடையில் வாங்குகிறேன். எங்கள் தெருக்காரர்கள் அதிகம் போகாத கடையாகத் தேடிப் பிடித்தேன். கடைத் தம்பி சீட்டின் பின்பக்கத்தில் "60 கொடுத்தது" என்று எழுதித் தேதி போட்டு, கடை முத்திரை வைக்கிறார். தன் நோட்டிலும் குறித்துக்கொள்கிறார். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம், ஜோல்பிடெம் போன்ற, கூடுதல் கட்டுப்பாடுள்ள எச்1 பட்டியல் மருந்துகளுக்கு டாக்டர் பெயர், நோயாளி பெயரோடு கடைக்காரர் தனிப் பதிவேடு வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். லித்தியத்துக்கு அந்தத் தனிப் பதிவேடு கட்டாயம் இல்லை. நான் கேட்டுக்கொண்டதால் நோட்டில் எழுதுகிறார். 26-ஆம் நாள் போன் வரும். நான் எடுக்காவிட்டால் என் வீட்டுக்காரருக்குப் போகும். அந்த நம்பரையும் நானே கொடுத்திருக்கிறேன்.

போன வருடம் உள்ளூர் டாக்டர் ஒருவர் எனக்கு பிரஷர் மாத்திரை எழுதினார். அதே கடையில் சீட்டை நீட்டினேன். தம்பி அதைப் பார்த்துவிட்டுத் தன் நோட்டைப் புரட்டினார். "ஆச்சி, இதுல தண்ணி பிரிக்கிற மருந்து சேர்ந்திருக்கு. லித்தியத்தோட போடுறதுக்கு முன்னாடி மதுரை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றார். கேட்டேன். அந்தத் தண்ணி பிரிக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற விடாமல் செய்யும், ரத்தத்தில் அளவு ஏறிவிடும் என்று சொல்லி, இரண்டு டாக்டர்களும் பேசி அம்லோடிபின் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார்கள். மூட்டுவலிக்கு நாமே வாங்கிப் போடும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக்கும் இதே வேலையைச் செய்யும். மதுரைக் கடையில் பிரஷர் சீட்டு தெரிந்திருக்காது. உள்ளூரில் வேறு கடைக்குப் போயிருந்தால் லித்தியம் தெரிந்திருக்காது.

இதற்குக் கொடுத்த விலை, ஒருவருக்கு என் நோய் தெரியும் என்பது. முதல் மாதம் கடை வாசலில் இரண்டு முறை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாம் முறைதான் படியேறினேன். தம்பி இதுவரை ஒரு வார்த்தை வெளியே விட்டதாகத் தெரியவில்லை. எல்லாக் கடையும் அப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. முதலில் ஒரு மாதத்துக்கு வாங்கிப் பாருங்கள். நம் மருந்தின் பெயரை நாலு பேர் காதில் விழச் சொல்லும் கடையென்றால் மாற்றிவிடுங்கள்.

எந்த வழியில் வாங்கினாலும் ஏழு நாள் மாத்திரை தனியாக இருக்கட்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. லித்தியம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. ராத்திரி மனசு கலங்கினால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ். இலவசம், தமிழில் பேசலாம்.

சித்தி மகள் இந்த மாதம் மதுரையிலேயே வாங்கிவிட்டாள். உள்ளூர்க் கடைக்கு வர இன்னும் தயக்கம். சரி, அவசரமில்லை என்றேன். அவள் மாத்திரை 22-ஆம் தேதி தீர்கிறது. எங்கள் வீட்டுக் காலண்டரில் 18-ஐச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.