48 மெகாபிக்சல் ‘மக்ரோ’ கமரா: யாழ்ப்பாணத்தில் வாங்க இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்

யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் இப்போது ஒரு கமரா விற்கிறார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் 48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு சூம், மக்ரோ என்று இருக்கும். கமராவில் கேள்விப்படாத ஒரு பெயர் இருக்கும், அல்லது பெயரே இருக்காது. நாணயம், முத்திரை, தோடு, பூச்சி என்று சின்னப் பொருட்களைக் கிட்டவாகப் படமெடுக்க இதை வாங்க நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து முதலில் இதை வாசியுங்கள். என்னிடம் இதற்கு 42,000 ரூபா வாங்கினார்கள். கடையின் பெயரை எழுதவில்லை. இதே சாமானை ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டுவிட்டேன், ஒரு கடையைத் தவிர்ப்பதால் மட்டும் யாரும் தப்ப முடியாது.

எனக்குத் தேவை இதுதான். அப்பா காலம் முழுவதும் பழைய காசுகள் சேர்த்தவர். நந்தியும் அதன் கீழே ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்த, யாழ்ப்பாண இராச்சியத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துச் செப்புக் காசுகள் சில இருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை போட்டவையும் இருக்கின்றன. விற்கும் எண்ணம் இல்லை. ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் வடிவாகப் படமெடுத்து, எழுத்து வாசிக்கக்கூடிய மாதிரி ஒரு பதிவு செய்து வைக்க வேண்டும், கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். காசுகள் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் அளவு, தேய்ந்தவை. என் போனைக் கிட்டக் கொண்டுபோனால் மங்குகிறது, தள்ளி எடுத்தால் எழுத்து தெரியவில்லை.

கடைக்கு ஒரு சேதுக் காசைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, இதில் இருக்கும் எழுத்து படத்தில் தெரிய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். அங்கே நின்ற தம்பி ஒரு வினாடியும் யோசிக்கவில்லை. “அண்ணை, இது 48 மெகாபிக்சல். நுளம்பின்ர கண்ணும் தெரியும்” என்றார். தன் போனில் ஒரு தேனீயின் முகத்தைக் காட்டி, இந்தக் கமராவில் எடுத்தது என்றார். இந்தக் காசை இங்கேயே ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் என்று கேட்டேன். “பெட்டியை உடைச்சால் வாரண்டி போயிடும் அண்ணை, ஒரு வருச வாரண்டி இருக்கு, பயப்பிடாமல் கொண்டுபோங்கோ” என்றார். முதலாளியும் பக்கத்தில் இருந்து ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

வீட்டில் எடுத்த முதல் படத்திலேயே விசயம் தெரிந்துவிட்டது. சின்னத் திரையில் ஏதோ இருப்பதுபோலத் தெரியும் படம், கணினியில் பெரிதாக்கினால் தண்ணீர் பட்ட கடதாசியில் மை ஊறின மாதிரிக் கிடந்தது. நந்தி ஒரு மேடு, ‘சேது’ ஒரு கறை. மேசை விளக்கு, வெயில், முக்காலி எல்லாம் வைத்துப் பார்த்தும் மாற்றம் இல்லை.

திரும்பிப் போனபோது அதே ஆட்கள், குரல் மட்டும் வேறு. வாரண்டி பழுதுக்குத்தானாம், கமரா வேலை செய்கிறதாம், “வேற ஒருத்தரும் குறை சொல்லேல்ல, உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை” என்றார் முதலாளி. பிறகு லாச்சியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்தார். வளையத்தில் ‘0.45எக்ஸ் வைட் வித் மக்ரோ’ என்று எழுதியிருந்தது. இதை முன்னால் பூட்டினால் எல்லாம் சரியாகும், 6,500 ரூபா என்றார். கமராவே போதும் என்று விற்ற அதே வாயால் இதைச் சொன்னார். நான் வாங்கவில்லை.

என் மருமகன் ஒருவர் கோண்டாவிலில் கல்யாண வீடியோ, படம் எடுக்கும் தொழில் செய்கிறார். கமராவைக் கையில் வாங்கியவுடனேயே, “மாமா, லென்ஸ் வளையத்தைப் பாருங்கோ” என்றார். நல்ல கமராக்களில் பொதுவாக லென்ஸைச் சுற்றிக் குவியத்தூரமும் (காட்சி எவ்வளவு அகலமாக அல்லது கிட்டவாகத் தெரியும் என்பதைக் காட்டும் அளவு) துவார அளவும் (எவ்வளவு வெளிச்சம் உள்ளே போகும் என்பதைக் காட்டும் எண்) அச்சிட்டிருக்கும். உதாரணமாக ஒலிம்பஸ் டி.ஜி.-6 என்ற கமராவில் 4.5 முதல் 18 மில்லிமீற்றர், 2.0 முதல் 4.9 என்று இருக்கும். என் கமராவில் அந்த இடத்தில் ‘48 மெகாபிக்சல்’ என்று விளம்பரம்தான் இருந்தது. சூம் பொத்தானை அமத்தினார், லென்ஸுக்குள் ஒன்றும் அசையவில்லை. அதாவது 16 மடங்கு என்பது டிஜிட்டல் சூம், எடுத்த படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கும் வேலை. அதைப் போனிலேயே விரலால் செய்யலாம்.

அடுத்து அவர் செய்ததை எல்லோரும் செய்து பார்க்கலாம். மெனுவில் 8 மெகாபிக்சல் வைத்து ஒரு படம், அதே இடத்தில் 48 வைத்து இன்னொரு படம். இரண்டையும் கணினியில் ஒரே அளவில் அருகருகே வைத்தால், 48இல் கோப்பு பெரிதாக இருக்கிறதே தவிர ஒரு கீறலாவது கூடுதலாகத் தெரியவில்லை. உள்ளே இருப்பது மிகச் சிறிய ஒரு சென்சர், அதாவது வெளிச்சத்தைப் படமாகப் பிடிக்கும் தகடு. அது பிடித்த புள்ளிகளுக்கு நடுவே கமராவின் மென்பொருள் தானாகப் புள்ளிகளை உருவாக்கி 48 என்று கணக்குக் காட்டுகிறது. உருவாக்கிய புள்ளியில் காசின் எழுத்து இருக்காது. மக்ரோ என்று சொன்னதும் பூப் படம் போட்ட ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். லென்ஸை ஒரு நிலையான கிட்டத் தூரத்துக்கு மாற்றிவிடும். அந்தத் தூரத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் மங்கும், சரியாக வைத்தால் கமராவின் நிழலே காசின் மேல் விழும்.

அந்த நிழல் விசயத்தை வாங்குபவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். நல்ல பெயருள்ள சின்னக் கமராக்களிலும் ‘1 சென்ரிமீற்றர் மக்ரோ’ என்று போடுவார்கள். பொய்யில்லை, ஆனால் அது பெரும்பாலும் சூம் செய்யாத அகலக் கோணத்தில் மட்டும்தான். ஒரு சென்ரிமீற்றரில் லென்ஸ் நின்றால் காசுக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வரும்? தட்டையான பொருளின் விளிம்பும் வளைந்து வரும். தேய்ந்த காசின் எழுத்தை எடுக்கப் பக்கவாட்டில் சரிவாக விழும் வெளிச்சம் வேண்டும், அதற்கு லென்ஸுக்கும் காசுக்கும் இடையில் இடம் வேண்டும். ஒலிம்பஸ் டி.ஜி. வரிசையில் கிட்டவாகப் படமெடுப்பதற்கான மைக்ரோஸ்கோப் முறை ஒரு சென்ரிமீற்றரிலிருந்து 30 சென்ரிமீற்றர் வரை வேலை செய்கிறது. கமராவின் சொந்த விளக்கை லென்ஸைச் சுற்றிப் பரப்பும் ஒரு வளையமும் அதற்குத் தனியாகக் கிடைக்கிறது. அந்தக் கமரா வெறும் 12 மெகாபிக்சல். புதிதாக வாங்க அது என் வசதிக்கு எட்டாது, ஆனால் 12க்கும் 48க்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது கடையில் பெரிதுபடுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருமகன் தன் பழைய கெனன் 1300டியைத் தந்தார். 2016இல் வந்த மாதிரி, 18 மெகாபிக்சல், கூடவே வரும் சாதாரண 18-55 மில்லிமீற்றர் சூம் லென்ஸ். அந்த லென்ஸ் சென்சரிலிருந்து 25 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும், அப்போது பொருளின் உருவம் சென்சரில் 0.34 மடங்காக விழும். இரண்டு சென்ரிமீற்றர் காசு படத்தில் ஏறக்குறைய 1,580 புள்ளி அகலத்துக்கு வருகிறது. எல்லாம் உண்மையான புள்ளிகள். ‘சேது’ வாசிக்க முடிந்தது. அப்பாவின் காசில் அந்த இரண்டு எழுத்தையும் திரையில் முழுசாகக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசத்தோடு கோபமும் சேர்ந்தே வந்தது, இதைத்தானே அந்தக் கடையில் கேட்டேன்!

இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் கமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே பூட்டும் நீட்டிப்பு வளையங்கள் இருக்கின்றன. உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் குழாய். லென்ஸின் சூமை 55 மில்லிமீற்றரில் வைத்து 20 மில்லிமீற்றர் வளையம் பூட்டினால் உருவம் ஏறக்குறைய 0.7 மடங்குக்குப் போகும், காசு படத்தின் உயரத்தை நிறைத்துவிடும். கெனனுக்கு வாங்கும்போது மின்தொடுகை உள்ள வளையமாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் துவாரத்தைக் கமராவால் மாற்ற முடியாது. லென்ஸுக்கு முன்னால் பூட்டுவதாக இருந்தால் ரேனொக்ஸ் டி.சி.ஆர்.-250 போன்ற நல்ல மக்ரோ கண்ணாடி வேறு, எனக்கு 6,500க்குக் காட்டிய கண்ணாடி வேறு. அந்த மலிவான கண்ணாடி ஒன்று மருமகனிடமும் கிடந்தது. பூட்டிப் பார்த்தோம், நடுவில் கொஞ்சம் தெளிவு, விளிம்பெல்லாம் ஊதாவும் பச்சையுமாகக் கரைகிறது.

மருமகனின் கெனன் வரிசையின் பழைய மாதிரிகளை ஸ்டூடியோக்காரர்கள் கைமாற்றுவார்கள். 42,000க்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டி வரலாம், ஆனால் கொடுக்கும் பணம் உண்மையான கமராவுக்குப் போகும். எங்கே வாங்கினாலும், நீங்கள் படமெடுக்கப் போகும் அதே பொருளைக் கையோடு கொண்டுபோங்கள். கமராவைத் திறந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அந்தப் படத்தை உங்கள் மெமரி காட்டில் வாங்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம். லென்ஸ் அசைகிறதா என்று பார்ப்பது பொதுவாக உதவும், ஆனால் டி.ஜி. போலத் தண்ணீர் புகாத கமராக்களில் லென்ஸ் உள்ளுக்குள்ளேயே அசையும், அங்கே வளையத்தின் எழுத்துத்தான் சாட்சி. பில்லில் கமராவின் பெயர், மாதிரி, புதியதா பாவித்ததா என்பதை எழுதி வாங்குங்கள். எனக்குத் தந்த பில்லில் ‘கமரா 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. பெட்டியை எறியாமல் வைத்திருந்ததுதான் இப்போது உதவுகிறது, பொய் முழுவதும் அதில்தான் அச்சடித்திருக்கிறது.

பில், பெட்டியின் படங்கள், இரண்டு கமராவிலும் எடுத்த அதே காசின் படங்கள் எல்லாவற்றையும் இணைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். என் பணம் இன்னும் திரும்பவில்லை, விசாரணைக்குக் காத்திருக்கிறேன். இதே கமராவை வாங்கி, கடையில் இதே பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். மூன்று மாதம் முடிவதற்குள் நீங்களும் எழுதிக் கொடுங்கள். நாலு பேருடைய கடிதம் ஒரே சாமானைப் பற்றிப் போய்ச் சேர்ந்தால், எனக்கு மட்டும்தான் பிரச்சினை என்று அந்த முதலாளி இனிச் சொல்ல முடியாது.